காத்து எங்கால போகுது எண்டு கேக்கத் தெரியவேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில வந்த தொழில் வழிகாட்டிப் பக்கம் வாசிச்சனான். விமானம் திருத்திற படிப்பைப் பற்றி எழுதியிருந்தவை, நல்ல விசயம், எங்கட பெடியளுக்கு உப்பிடி ஒரு வழி இருக்கெண்டு ஆராவது சொல்லத்தானே வேணும். ஆனா ரெண்டு விசயம் எனக்குப் பொறுக்கேல்ல. ஒண்டு, சின்ன பிஸ்டன் எஞ்சின் பிளேனைப் பற்றி எழுதிப்போட்டு பக்கத்தில போட்டிருந்த படம் பலாலி எயாப்போட்டுக்கு வந்து போற ஏரிஆர் 72. அது ரேபைன் எஞ்சின் ஐயா, அதுக்குள்ள பிஸ்டனும் இல்லை, நான் கீழ சொல்லப்போற வால்வும் இல்லை. முன்னுக்குக் காத்தாடி சுத்தினால் எல்லாம் ஒண்டாகுமே? மற்றது, இப்ப எல்லாம் கொம்பியூட்டர், வயரைக் கொழுவினால் பிழை எங்கயெண்டு திரையில வந்திடும் எண்டு ஒரு வரி. அதை வாசிச்சிட்டு பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து என்னட்டச் சொல்லுறான், தாத்தா இனி கையில கிறீஸ் பிடிக்கிற வேலை இல்லையாம் எண்டு. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் விமான எஞ்சினியர் இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன், பேந்து ஆரும் லைசன்ஸ் கேட்டு எழுதக்கூடாது. கொக்குவிலில கராஜ் வச்சிருந்த ஆள், இப்ப முழங்கால் ஏலாமல் வீட்டோட இருக்கிறன். ஆனா வால்வு எண்டால் எனக்குத் தெரியும், சிலிண்டருக்குள்ள காத்தும் எரிபொருளும் போக இன்ரேக் வால்வு, எரிஞ்ச புகை வெளிய போக எக்சோஸ்ட் வால்வு, ரெண்டும் திறந்து திறந்து பூட்டிற மூடியள். 90களில பொருளாதாரத் தடை இருந்த நேரம் பெற்றோல் எண்டது சின்னப் போத்தலில வாங்கிற சாமான், மோட்டசைக்கிள், தண்ணி இறைக்கிற மிசின், பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணையிலதான் ஓடினது, காபரேட்டருக்க ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப்பிறகு மண்ணெண்ணைக்கு மாத்திறது. ஓடும், ஓடாமல் விடாது, ஆனா மண்ணெண்ணை முழுக்க எரியாமல் காபன் எல்லாம் வால்விலயும் அது ஏறி இறங்கிற குழாயிலயும் போய்க் குந்தும். ஹெட்டைக் கழட்டி, வால்வை எடுத்து, பேஸ்ற் பூசி, தடியில ஒட்டி ரெண்டு உள்ளங்கையாலயும் மோர் கடையிற மாதிரிக் கடைஞ்சு கடைஞ்சு எத்தினை வால்வு இருத்தியிருப்பன் எண்டு கணக்கில்லை. எரிபொருள் செய்யிற வேலையை எஞ்சினில முதல் காட்டித் தாறது வால்வுதான், அதை அந்தக் காலத்தில படிச்சனாங்கள்.

பலாலிக்கும் பிஸ்டன் எஞ்சின் புதுசில்லை. 1947 டிசெம்பரில எயர் சிலோன் தொடங்கேக்க கொழும்புப் பக்கம் ரத்மலானையில இருந்து பலாலியில இறங்கி மெட்ராசுக்குப் போன டக்கோட்டா பிளேன் பிஸ்டன்தான், ஒரு எஞ்சினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, ரெண்டு எஞ்சினிலயும் சேர்த்து 56 வால்வு. அதைப் பார்த்த ஆக்கள் என்ன பொறுமையோட பார்த்திருப்பினம் எண்டு நான் அடிக்கடி யோசிக்கிறனான். இப்ப பறக்கப் பழக்கிற சின்ன செஸ்னாவில நாலு சிலிண்டர், எட்டு வால்வு, அதுக்கே ஆக்கள் படுற பாடு!

சரி, விசயத்துக்கு வாறன். என்ர தங்கச்சியின்ர மூத்தவன் கனடாவில ஒன்ராறியோவில விமானம் திருத்திற படிப்பு முடிச்சிட்டு ஒரு பறப்புப் பள்ளிக்கூடத்தில பழகுநரா நிக்கிறான். போன மாரி ஒரு நாள் எங்களுக்கு இரவு, அவனுக்குக் காலமை, போன் எடுத்தான். "மாமா, இங்க ஒரு செஸ்னா 172 நிக்குது, லைக்கமிங் ஓ-320 எஞ்சின், காலமை முதல் ஸ்ராட்டில ரெண்டு மூண்டு நிமிஷம் கிடந்து நடுங்குது, பேந்து தன்ர பாட்டில சரியாகுது, பிளக் ரெண்டு தரம் மாத்தியாச்சு" எண்டான். நான் சொன்னன், உது பிளக் இல்லையடா, எக்சோஸ்ட் வால்வு கைட்டுக்க இறுகுது எண்டு. அங்க அதுக்கு கர்ப்பிணியளுக்கு காலமையில வாற சத்தியின்ர பேரைத்தான் வச்சிருக்கினமாம், பொருத்தமான பேர்தான்.

ஏனெண்டால், வால்வின்ர தண்டு ஏறி இறங்கிற குழாய்தான் கைட். பிளேன் பெற்றோலில, அதுதான் 100 எல்எல் எண்டுறது, இண்டைக்கும் ஈயம் இருக்கு, லீற்றருக்கு அரைக் கிராமுக்கு மேல வரைக்கும் இருக்கலாம். காருக்குப் போடுற ஈயப் பெற்றோலை உலகத்தில கடைசியா அல்ஜீரியாவும் 2021இல நிப்பாட்டிப்போட்டுது, சின்னப் பிளேனுக்கு மட்டும் விடேல்ல. அந்த ஈயமும், கருகின ஒயிலும், காபனும் சேர்ந்து கைட்டுக்குள்ள ஒட்டி அந்த இடைவெளியைக் குறைச்சுப்போடும். குளிரில வால்வு இறுகி நிக்கும், திறந்தபடி நிண்டால் அந்தச் சிலிண்டர் செத்த சிலிண்டர். எஞ்சின் சூடாக இளகி வேலை செய்யும், எல்லாரும் மறந்திட்டுப் பறக்கப் போயிடுவினம். எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுத்துச் சுத்தேக்க ஒரு வால்வு ரெண்டு சுத்துக்கு ஒருக்கா, அதாவது நிமிஷத்துக்கு 1200 தரம், ஒரு செக்கனுக்கு 20 தரம் திறந்து பூட்டுது, இதுக்குள்ள ஒருக்கா இறுகினாலே எவ்வளவு அடி விழும் எண்டு பாருங்கோ.

பிளக்கா வால்வா எண்டு பிரிச்சறியிறதுக்கு கொம்பியூட்டர் ஒண்டும் தேவையில்லை. விமான எஞ்சினில ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக், ரெண்டையும் வேற வேற மக்னீற்றோ, அதுதான் பிளக்குக்கு மின்சாரம் தாற சாமான், கொளுத்துது. நடுக்கம் ஒரு மக்னீற்றோவில விடேக்க மட்டும் வந்தால் பிளக், வயர், அந்தப் பக்கம் போய்ப் பார். ரெண்டிலயும் ஒரே மாதிரி வந்தால் நெருப்பில பிழை இல்லை, வால்வு அல்லது எரிபொருள் பக்கம். அவன்ர பிளேனில ரெண்டிலயும் வந்தது. பிறகு எந்தச் சிலிண்டர் எண்டு பார்க்கவேணும். காலமை ஸ்ராட் பண்ணி நடுங்கிற நேரமே நிப்பாட்டிப்போட்டு, சாவியைக் கழட்டி பொக்கற்றில போட்டிட்டு (இதை விட்டிட்டு காத்தாடிக்குக் கிட்டப் போற ஆக்களும் இருக்கினம், மக்னீற்றோவின்ர வயர் ஒண்டு அறுந்து கிடந்தால் கையால சுத்தினாலே பத்தும்) நாலு எக்சோஸ்ட் பைப்பிலயும் அடியில ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு வைக்கச் சொன்னன், தோசைக்கல்லு காய்ஞ்சிட்டுதோ எண்டு பார்க்கிற மாதிரி, எரியாத சிலிண்டரின்ர பைப் சூடேறாதுதானே. மூண்டில சுர்ரெண்டு ஆவியாகினது, 3ஆம் நம்பரில சொட்டு அப்பிடியே வழிஞ்சு போய் விறைக்கப் பார்த்தது எண்டு சிரிச்சான். அவையளிட்ட சூடு பார்க்கிற துவக்கு மாதிரிச் சாமான் இருக்கு, பிறகு அதாலயும் பார்த்தவை, அதே 3ஆம் நம்பர்தான்.

இங்கதான் பிரச்சினை. அங்க நிண்ட பெரியவர் ஒராள், அவரும் நல்ல வேலைகாரன்தான், கொம்பிரசன் ரெஸ்ற் செய்தவர். 3ஆம் நம்பர் 76/80. இதைவிட நல்ல நம்பர் என்னத்துக்கு, வால்வில பிழையில்லை எண்டு எழுதிப்போட்டார்.

இந்த ரெஸ்ற் எப்பிடியெண்டால், ரெண்டு வால்வும் பூட்டியிருக்கேக்க பிஸ்டனை மேல் முனையில நிப்பாட்டி, பிளக் ஓட்டையால 80 பி.எஸ்.ஐ காத்து விடுறது, ரெண்டு கேஜ், நடுவில ஊசி ஓட்டை மாதிரி ஒரு துளை, ஒரு கேஜ் உள்ள போற காத்தைச் சொல்லும் மற்றது சிலிண்டர் எவ்வளவு பிடிச்சு வச்சிருக்கெண்டு சொல்லும். 80 குடுத்து 76 நிண்டால் 76/80. 60க்குக் கீழ போனால் கவலைப்படு எண்டது அமெரிக்கக்காரற்றை பொதுக் கணக்கு, ஆனா கொன்டினென்டல் எண்ட மற்றக் கொம்பனியின்ர எஞ்சினுக்கு அவை சொன்ன முறையில 40 சொச்சம் வரைக்கும் ஓடலாம், அதை விளங்காமல் நல்ல சிலிண்டரைக் கழட்டி எறிஞ்ச ஆக்கள் கனபேர். இன்னொரு விசயம், காத்தாடியை ஒராள் வடிவாப் பிடிச்சிருக்கவேணும். ஓ-320இன்ர பிஸ்டன் அஞ்சங்குலத்துக்குக் கொஞ்சம் மேல அகலம், 80 பி.எஸ்.ஐ எண்டால் அதின்ர தலையில 750 கிலோ இருக்கிற மாதிரி, முனையில இருந்து கொஞ்சம் விலத்தினால் காத்தாடி அடிச்சுப்போடும், கை போனது போனதுதான்.

ஆனா அந்த ரெஸ்ற் செய்யிறது எஞ்சின் சூடா இருக்கேக்க. குளிரில இறுகிற வால்வு சூட்டில வடிவாப் பூட்டி இருக்குது, நம்பர் நல்லாத்தான் வரும்! காலமை இருமிற ஆளை மத்தியானம் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டக் காட்டினால் நெஞ்சு கிளியர் எண்டுதானே சொல்லுவார். நான் அவனுக்கு இதைச் சொன்னன், அவன் அங்க சொல்லப் பயந்தான், புதுப் பெடியன் பாவம். ஒரு கிழமை கழிச்சு காலமை ஸ்ராட்டில டக்கெண்டு ஒரு சத்தம், வால்வு பூட்டினபடி இறுகி, கீழால கம், அதுதான் வால்வைத் திறக்கத் தள்ளுற மேடு, வந்து தள்ள, அந்தத் தள்ளலை மேல கொண்டு போற புஷ் றொட் எண்ட கம்பி நடுவில நிண்டு வளைஞ்சு, அது போற குழாயும் நெளிஞ்சு ஒயில் ஒழுகினது. நிலத்தில நடந்தது. மேல நடந்திருந்தால் கதை வேற.

பிறகு லைசன்ஸ் உள்ளவர் வந்து செய்த வேலையைக் கேட்டு எனக்குப் பெரிய சந்தோசம், ஏனெண்டால் சிலிண்டரைக் கழட்டேல்ல. பிஸ்டனைக் கீழ இறக்கிப்போட்டு பிளக் ஓட்டையால நைலோன் கயிறை உள்ள விட்டு விட்டு நிரப்பி, பிஸ்டனை மேல தள்ள கயிறு இறுகி வால்வை அடியில இருந்து தாங்கும், அப்ப ஸ்பிரிங்கைக் கழட்டலாம். கயிறை எடுத்திட்டு வால்வை சிலிண்டருக்குள்ளயே விழ விட்டு, வெளியால கைட்டை றீமர் போட்டு ஊத்தையைச் சுரண்டி, பிளக் ஓட்டையால பிடிச்சு திருப்பி இழுத்துப் போடுறது. மருமகன் கயிறு பிடிச்சவனாம். கயிறெண்டால் நாங்கள் கிணத்தில வாளி விழுந்தால் எடுக்கிறதுக்குத்தான் பாவிச்சனாங்கள், அவங்கள் வால்வு எடுக்கிறாங்கள்.

உதைத் தவிர்க்க முந்தியே ஒரு வழி இருக்கு, லைக்கமிங் கொம்பனி விட்ட 388 எண்ட சேவிஸ் புல்லட்டின், அதுதான் பராமரிப்பு அறிவித்தல். ஆயிரம் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அல்லது எஞ்சினை முழுக்கக் கழட்டிப் புதுப்பிக்கிற ஓவர்ஹோல் காலத்தின்ர பாதியில, எது முந்தி வருதோ அப்ப, வால்வுத் தண்டு கைட்டுக்குள்ள எவ்வளவு ஆடுது எண்டு அளக்கச் சொல்லுது. ஆட்டம் குறைஞ்சால் ஊத்தை, இறுகப் போகுது. ஆட்டம் கூடினால் கைட் தேஞ்சிட்டுது, வால்வு நேரா வந்து சீற்றில, அதுதான் வால்வு குந்திற வளையத்தில, இருக்காது, ஒரு பக்கத்தால கசியும், எரியும். எல்லாரும் செய்யிற கொம்பிரசன் ரெஸ்ற்றைவிட உதை நான் மேல வைப்பன்.

அதே பிளேனில 1ஆம் நம்பர் 58/80 வந்ததாம், உடன எல்லாரும் அதைக் கழட்டுவம் எண்டிச்சினம். நான் கேட்டது ஒண்டுதான், காத்து எங்கால போகுது? ஒயில் ஊத்திற வாயில காதை வை, அங்க சீறினால் பிஸ்டன் றிங். காபரேட்டர் பக்கம் சீறினால் இன்ரேக் வால்வு. சைலன்சர் பைப்பில சீறினால் எக்சோஸ்ட் வால்வு. நாங்கள் கராஜில பழைய பிளக்கின்ர பீங்கானை உடைச்சு எடுத்துப்போட்டு சைக்கிள் ரியூப் வால்வை அதில ஒட்டி, ரயருக்குக் காத்தடிக்கிற மிசினால அடிச்சுக் கேட்டனாங்கள், கேஜும் இல்லை ஒண்டுமில்லை, காது மட்டும். அவனுக்கு சைலன்சரில சீறினது. சரி, எக்சோஸ்ட் வால்வு, ஆனா எரிஞ்சுதோ சும்மா காபன் துணிக்கை சீற்றில மாட்டிச்சுதோ? வால்வை மேல இருந்து அமத்திற றொக்கரின்ர மூடியைக் கழட்டி, காத்தை எடுத்துப்போட்டு, வால்வு இருக்கிற பக்கம் றொக்கரில ஒரு தடியை வச்சு மெல்லத் தட்டினால் துணிக்கை இருந்தால் பறந்திடும். தட்டிப்போட்டு திருப்பிப் பார்த்தால் 72. கழட்டுவம் எண்ட சிலிண்டர் இண்டைக்கும் பறக்குது. 76 வந்த சிலிண்டர் புஷ் றொட்டை வளைச்சது, 58 வந்தது ஒண்டுமில்லை. நம்பரைப் பாத்து முடிவெடுக்கிற ஆக்களுக்கு இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

இப்ப கண்ணால பார்க்கிற சாமானும் வந்திட்டுது, போர்ஸ்கோப், நுனியில கமரா வச்ச வயர், பிளக் ஓட்டையால விட்டால் வால்வின்ர முகம் போனிலயே தெரியும். புதுச் சாமான் எல்லாத்துக்கும் நான் எதிரி இல்லை, உது அருமையான சாமான். நல்ல எக்சோஸ்ட் வால்வு நடுவில செங்கல் நிறமாயும் சுத்திவர ஒரே மாதிரி வளையமாயும் இருக்கும். அப்பம் சுடேக்க அடுப்பு சரிஞ்சு ஒரு பக்கக் கரை மட்டும் கருகுமே, அது மாதிரி வால்வின்ர விளிம்பில ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறி, சில நேரம் பச்சையடிச்சுத் தெரிஞ்சால் அந்த இடத்தால சூடு ஒழுகுது, அது எரியிற வால்வு. வால்வு பிடிக்கிற சூட்டில பெரும்பங்கு சீற்றாலதான் வெளியேறுது, மிச்சம் கைட்டால. சீற்றில ஒரு இடம் சரியாத் தொடாட்டி அந்த இடம் ஆறாது, ஆறாத இடம் இன்னும் நெளியும், நெளிய இன்னும் ஒழுகும். பிறகு ஒரு நாள் ஒரு துண்டு பிஞ்சு போயிடும்.

கொம்பியூட்டர் ஒண்டும் சொல்லாதோ எண்டு கேட்டால், சொல்லும், கொஞ்சம். ஒவ்வொரு சிலிண்டரின்ரையும் எக்சோஸ்ட் சூட்டைப் பதியிற மொனிற்றர் இருக்கிற பிளேனில, எரியத் தொடங்கின வால்வு மெல்லமாச் சுழலேக்க அந்தச் சிலிண்டரின்ர கோடு மட்டும் நிமிஷத்துக்கு ஒண்டு ரெண்டு தரம் அலை மாதிரி ஏறி இறங்கும், மற்ற மூண்டும் நேரா நிக்கும். ஆனா அந்தத் திரையில வால்வு எரியுது எண்டு எழுத்து வராது, கோட்டைப் பார்த்து விளங்கிற ஆள் வேணும்.

சிலிண்டரைக் கழட்டாதேங்கோ எண்டு நான் கத்திறதுக்கும் காரணம் இருக்கு. உந்த எஞ்சினில சிலிண்டரைப் பிடிக்கிற நீட்டு போல்ற் சிலதுதான் நடு உடம்பையும் நடுத்தண்டு சுத்திற பெயரிங்கையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்குது, கழட்டினால் அந்தப் பிடி விட்டுப்போகும், திருப்பி இறுக்கேக்க பிழைச்சால் பெயரிங் நகரும், சிலிண்டரே கழண்டு போன விபத்துகளும் நடந்திருக்கு. வால்வுக்கு மருந்து குடுக்கப் போய் நாரியை முறிச்ச கதை.

கடைசியா ஈயத்தைப் பற்றி, ஏனெண்டால் உங்கட கட்டுரையில ஈயமில்லாப் பெற்றோல் வந்தால் வால்வுப் பிரச்சினை எல்லாம் தீரும் எண்டும் கிடந்தது. 2023இல அமெரிக்காவில வட டக்கோட்டாப் பல்கலைக்கழகம் தங்கட பழக்கிற பிளேன் எல்லாத்தையும் 94 எண்ட ஈயமில்லாத பெற்றோலுக்கு மாத்தினது, சில மாசத்தில பார்த்தால் எக்சோஸ்ட் வால்வு சீற் தேஞ்சு வால்வு உள்ளுக்கு இறங்குது, றொக்கர் இடைவெளி குறையுது, அந்த வருசம் ஒக்ரோபரிலயே திருப்பி ஈயத்துக்குப் போயிட்டினம். கைட்டை அடைக்கிற அதே ஈயம்தான் சீற்றுக்கு மெத்தையாயும் இருந்திருக்குதோ, இல்லாட்டி அந்தப் பெற்றோலில இருந்த வேற சாமான்களின்ர அளவோ எண்டு பிறகு எஞ்சின் கொம்பனியும் ஆராய்ஞ்சது. ஈயம் குழந்தையளின்ர மூளைக்கு நஞ்சு, போகத்தான் வேணும், ஆனா போகேக்க எஞ்சினுக்கு என்ன வருமெண்டு அளந்து அளந்து பார்க்கிறதுக்கும் உந்தக் கிறீஸ் கைதான் வேணும்.

அதால ஆசிரியர் ஐயா, படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கோ, அடுத்த முறை பிஸ்டன் எஞ்சின் எண்டு எழுதினால் ரத்மலானையில பழக்கிற செஸ்னா ஒண்டின்ர படத்தைப் போடுங்கோ. கட்டுரை எழுதின தம்பி கோவிக்க வேண்டாம், நேரமிருந்தால் ஒரு பின்னேரம் கொக்குவிலுக்கு வரச் சொல்லுங்கோ. மருமகன் போன மாசம் வந்தவன் எரிஞ்ச லைக்கமிங் வால்வு ஒண்டு கொண்டந்து தந்தவன், உங்கட பேப்பர் பறக்காமல் மேல வைக்கத்தான் பாவிக்கிறன். விளிம்பில பிஞ்ச இடம் பெருவிரல் நகமளவு. தம்பி வந்தால் கையில எடுத்துப் பார்க்கலாம், ஆனா அறுத்துப் பார்ப்பம் எண்டு மட்டும் கேக்கக்கூடாது, அந்தத் தண்டு கோறை, உள்ள சோடியம் கிடக்கு. 98 பாகையில உருகி உள்ளுக்க குலுங்கிக் குலுங்கி தலையின்ர சூட்டைத் தண்டுக்குக் கடத்திற சாமான், தண்ணி பட்டால் வெடிக்கும், எங்கட வீட்டில கிணத்தடியிலதான் சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் பூட்டியிருக்கு.

இப்படிக்கு,
பழைய கராஜ்காரன்,
கொக்குவில்.